சவரிநாதன் அளந்த வானம்

செய்தி வந்தபோது என்னால் அதைப் படிக்க முடியவில்லை. திண்டிவனத்தில் கண் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண்புரை எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ஒரு முகமும் அதன் கீழே சில வரிகளும் கலங்கலாகத் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"யாரோ தவறிட்டாங்க போலக்குதுங்க," என்றார் அவர். "சவரிநாதன் சார்னு போட்டுருக்குது. காலேஜு வாத்தியாருங்களா? இன்னிக்கிக் காலையில மாரடைப்பாம். உங்களுக்கு வேண்டியவரா?"

ஆமாம் என்றேன். நான் சவரிநாதனைவிட ஐந்து வயது மூத்தவன். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இதிலும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் தோன்றியது உண்மை.

கல்லூரி நண்பர்கள் இந்த அஞ்சலியை எழுதச் சொன்னபோது முதலில் மறுத்தேன். அவரோடு காட்டில் அதிகம் அலைந்தவன் நான்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது சரிதான். ஆனால் அவரை அறிந்த உங்களில் பலருக்கு, நான் அவரைப் பார்த்து எவ்வளவு பொறாமைப்பட்டேன் என்பது தெரியாது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. எனவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தாவரவியல், அவர் இயற்பியல். பெருமுக்கலுக்குப் பக்கத்தில் ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கும் பழைய காட்டில்தான் என் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தேன். வீரை, காயா, பாலை என்று எந்தப் பருவத்திலும் இலைகளை முழுதாக உதிர்த்துவிடாத மரங்கள். ஒரு காட்டின் கூரை எவ்வளவு திறந்திருக்கிறது, ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. மரத்தை வெட்டி இலையை எண்ண முடியாது. ஆகவே வெளிச்சத்தை அளந்து இலையைக் கணக்கிடுவோம். அதற்கென்று ஒரு கருவி என்னிடம் இருந்தது. கையளவு நீளக் கோலின் முனையில் குமிழ்போல ஒரு வில்லை. காட்டுக்கு வெளியே, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் நின்று திறந்த வானத்தை ஒரு முறை, உள்ளே மரத்தடியில் நின்று ஒரு முறை என்று அது வெளிச்சத்தைப் பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து இலைப்பரப்பைச் சொல்லும். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு கருவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

பட்டம் வாங்கி நான்கைந்து வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் அந்த வில்லைக்குள் ஈரம் கட்டிக்கொண்டது. இயற்பியல் துறையில் ஒருவர் இதெல்லாம் பார்ப்பார் என்றார்கள். அப்படித்தான் சவரிநாதனிடம் போனேன். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய திருப்புளி. இரண்டு நாளில் சரிசெய்து கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், இத எத்தினி மணிக்கு வச்சி அளப்பீங்க?"

"விழுப்புரத்துல இருந்து பஸ் பிடிச்சிப் போய்ச் சேரவே பத்து ஆயிடும். பத்து, பதினொண்ணு."

"வெயில்லயா?"

"வெயில் இருந்தா என்ன?"

அவர் தயங்கினார். "ஒண்ணுமில்ல சார். வெயில் பட்டா இலையே பளபளன்னு மின்னும். மிஷினுக்கு அது இலைன்னு தெரியாது. வானம்னு நெனச்சிக்கும். விடிஞ்சும் விடியாம இருக்கும்போது, இல்லன்னா நல்லா மூட்டம் போட்டிருக்கும்போது அளந்தாதான் சரியா வரும்னு தோணுது."

கருவியோடு வந்த கையேட்டில் அது எழுதியிருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். வெயிலில் அளந்தால் கொஞ்சம் பிசகும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு பிசகும் என்று பார்க்கத்தான் நான் துணியவில்லை. முதல் முறை பார்த்த ஒரு மனிதர், என் துறையில் ஒரு பாடமும் படிக்காதவர், ஐந்து நிமிடத்தில் என் பட்டத்தின் அடியில் விரலை வைத்துவிட்டார். நன்றி சொல்லி அனுப்பினேன். 

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஓமந்தூர்ப் பக்கம் நிலம் உண்டு. மல்லாட்டை பிடுங்க எங்கள் கொல்லைக்கு வந்தவர்கள் சவரிநாதனின் ஊர்க்காரர்கள். அவருடைய அம்மாகூட வந்திருக்கலாம். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கல்லூரியில் எல்லோரும் அவரை 'சவரி சார்' என்றார்கள். நான் மட்டும் 'சவரி' என்றேன். வயதில் சிறியவர் என்பதால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அவரைவிடச் சிறிய கணிதப் பேராசிரியரை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன்.

அதன் பிறகு அவரே காட்டுக்கு வரத் தொடங்கினார். வீடு திண்டிவனத்தில் என்பதால் விடியும் முன்பே பைக்கில் வந்துவிடுவார். கேமராவில் மீன்கண் வில்லை ஒன்றை மாட்டி, முக்காலியில் வானத்தைப் பார்த்து வைப்பார். நீர்க்குமிழியைப் பார்த்து மட்டம் பிடிப்பார். வடக்கு எந்தப் பக்கம் என்று குறிப்பார். தான் படத்தில் விழாதபடி தள்ளிப்போய் மரத்தின் பின்னால் நின்று ரிமோட்டில் ஒரு படம். சுற்றியுள்ள அத்தனை மரமும் வானமும் ஒரே வட்டத்துக்குள் வந்து விழுந்திருக்கும். இலைகள் கறுப்பு, இடைவெளிகள் வெள்ளை. வெள்ளையை எண்ணினால் கூரை எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும். வட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும் வெள்ளை எப்படிச் சிதறியிருக்கிறது என்று பார்த்தால் இலைப்பரப்பும் தெரியும். என் கருவி எண்களைத்தான் தரும். அவருடைய படம் காட்டையே தந்தது. முதல் படத்தை என் மேசைமேல் வைத்தபோது, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் அந்தப் படங்களில் ஒன்றைக் கணினியில் திறந்து, "சார், நீங்க ஒரு தடவ பிரிங்க, நான் ஒரு தடவ பிரிக்கிறேன். ரெண்டு பேரும் பாக்காம பண்ணுவோம்," என்றார். படத்தில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் போக, இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறப் புள்ளிகள் ஏராளம் இருக்கும். எதுவரை இலை, எதிலிருந்து வானம் என்று ஓர் எல்லை வைத்தாக வேண்டும். நான் ஓர் எல்லை வைத்தேன். அவர் ஓர் எல்லை வைத்தார். பத்துப் படங்கள் பார்த்தோம். பத்திலும் என்னுடையதில் வெள்ளை கூடுதல்.

"நீங்க வானத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி எடம் குடுக்குறீங்க சார்," என்று சிரித்தார்.

அவர் கேலி செய்யவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. என் பழைய அளவுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று என் கை தானாகவே எல்லையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைப் பற்றி உங்களில் மாணவர்களாக இருந்தவர்கள் கதை கதையாகச் சொல்வீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். பட்ட மேற்படிப்பு மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போயிருந்தோம். மூட்டமான நாள். ஒரு பாலைமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர், "நூத்துல ஒம்போது வானம்," என்றார். என் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒன்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாணவர்கள் கைதட்டினார்கள். இன்னொரு இடத்தில் பதினாலு என்றார். அதுவும் சரியாக வந்தது. மூன்றாவது இடத்தில் அவர் சொல்வதற்கு முன்பே நான் முந்திக்கொண்டு இருபது என்றேன். கருவி பதினொன்று காட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது, கருவியைத் தூக்கிக்கொண்டு இவரைச் சுற்றும் உதவியாளனாக எப்போது ஆனேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோயில் பூசாரி ஏழுமலை என்னைப் பதினோரு வருடமாகப் பார்த்துவந்தார். என்னை 'காலேஜு சார்' என்பார். எந்தக் காலேஜு, என்ன பெயர் என்று கேட்டதில்லை. சவரிநாதன் வந்து இரண்டு மாதத்தில் அவருக்கு 'அண்ணாந்து பாக்குற வாத்தியாரு' என்று பெயர் வைத்துவிட்டார். ஆடி மாதத்தில் யாரையும் விடாத பின்பக்கத்து வேலியை அவருக்குத் திறந்துவிட்டார். கழுத்தில் சிலுவை தொங்க அவர் ஐயனார் குதிரைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். பூசாரி கேப்பைக்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரும் பக்கத்தில் படுத்து மேலே பார்ப்பார்.

"இன்னாதான் வாத்தியாரே தெரியுது அங்க?"

"நீங்க என்னா பாக்குறீங்க?"

"எல தான் தெரியுது."

"கேமராவுக்கு அதுகூடத் தெரியாதுங்க. எலையும் தெரியாது, கெளையும் தெரியாது. மறைக்கிறது மட்டும்தான் தெரியும். எது எலைன்னு நாமதான் சொல்லணும்."

நான் கொஞ்ச தூரத்தில் கருவியோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடத்தில் பூசாரி எனக்கு ஒருமுறைகூடக் கூழ் தந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சொன்னதோடு சவரிநாதன் நிற்கவில்லை. படத்தில் தெரிவது உண்மையா என்று சோதிக்க வேண்டும் என்றார். அவர் மனைவி பிலோமினா பழைய கொசுவலைகளைச் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தார். அவற்றை மரங்களுக்கு அடியில் தொட்டில் மாதிரிக் கட்டி, ஒரு வருடம் முழுக்க விழுந்த இலைகளைச் சேர்த்தார். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, காயவைத்து, பரப்பளவு பார்த்து எழுதினார். "வீட்டுல சோறு திங்க எடமில்ல சார், எல்லா எடத்துலயும் இவரு எலதான். ஒரே பேஜாரு," என்று பிலோமினா என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். என் வீட்டில் என் ஆய்வைப் பற்றி யாரும் அலுத்துக்கொண்டதுகூடக் கிடையாது.

அந்த ஒரு வருடம் முடிந்ததும் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நூல்கட்டிய கோப்பில் அச்செடுத்து, ஒரு திங்கட்கிழமை மதியம் என் அறைக்குக் கொண்டுவந்தார். காடு என் ஆய்வேட்டில் இருந்ததைவிட மிகவும் அடர்த்தியானது என்று அந்தக் கட்டுரை காட்டியது. என் அளவுகளை எங்கும் பழிக்கவில்லை. வெயில் நேரத்து அளவுகள் ஏன் குறைந்து வரும் என்று ஒரு பத்தியில் அமைதியாக விளக்கியிருந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர். அதன் கீழே என் பெயர்.

"என் பேரு எதுக்கு?" என்றேன்.

"மரத்துக்கெல்லாம் பேரு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. படிச்சிட்டு, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க. அப்புறம் அனுப்பலாம்."

அன்று மாலையே படித்து முடித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. நானே எழுதியிருக்க வேண்டிய கட்டுரை அது. சம்மதம் சொன்னால் என் பட்டம் தவறு என்று நானே கையெழுத்திட்டதாகும். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே நான் இரண்டையும் செய்யவில்லை. கோப்பை அலமாரியில் பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். எப்போதாவது அவர் நடைபாதையில் எதிரே வந்தால், "வேலை ஓடிக்கினே இருக்குது சவரி, பாக்குறேன்," என்பேன். "ஜல்தி இல்ல சார்," என்பார்.

எட்டு மாதம் அப்படிப் போனது. அப்போதுதான் கோயிலுக்குப் போகும் பாதையை அகலப்படுத்தும் வேலை வந்தது. மரங்களை வெட்டலாமா என்று பார்க்க வந்தவர்கள், இந்தக் காட்டைப் பற்றி எழுதப்பட்டது என்ன இருக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது என் ஆய்வேடு ஒன்றுதான். காட்டின் கூரை ஏற்கெனவே பரவலாகத் திறந்துகிடக்கிறது என்று அதில் நான் எழுதியிருந்த வரியை அப்படியே தங்கள் குறிப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஏற்கெனவே திறந்த காட்டில் சில மரங்கள் போனால் என்ன என்பது அவர்கள் வாதம். பூசாரி எதிர்த்துப் பார்த்தார். பெரிய காலேஜு சாரே எழுதியிருக்கிறாரே என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் போனபோது வேலை முடிந்திருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் வீரையும் காயாவும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. சவரிநாதன் எனக்கு முன்பே வந்து ஒரு வீரைமரத்து அடிக்கட்டையின் பக்கத்தில் நின்றிருந்தார். அதே இடத்தில் அவர் முன்பு பலமுறை முக்காலி வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவில்லை. நான் அறிய அது ஒருமுறைதான்.

"படிச்சீங்களா சார்?" என்றார்.

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மீதி மரங்களுக்காவது அது பயன்பட்டிருக்கும்.

"இன்னும் இல்ல," என்றேன்.

 அவர் குனிந்து முக்காலியைப் பிரித்தார். மட்டம் பார்த்தார், வடக்கு பார்த்தார். மூட்டம் கலையாத வெளிச்சம். ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வட்டத்தின் ஒரு பக்கம் முழுதும் வெள்ளையாக இருந்தது.

"வானம் ஜாஸ்தியாயிடுச்சி சார்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கோப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தப் புதுப்படத்தை மட்டும் பெரிதாக்கி, பழைய படத்தோடு சேர்த்துப் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி இரண்டையும் சட்டம் போட்டுக் கோயில் சுவரில் மாட்டினார். வெட்டுவதற்கு அடுத்த முறை ஆட்கள் வந்தபோது ஊர் அந்த இரண்டு வட்டங்களையும் காட்டி நின்றது. பாதை அதோடு நின்றது. கட்டுரை இல்லாமல், தாவரவியல் பட்டம் இல்லாமல், என் சம்மதம் இல்லாமல் அவர் அந்தக் காட்டைக் காப்பாற்றினார். அதைப் பார்த்தும் நான் மனம் திருந்தவில்லை. என்னால் முடியாததை இவர் இரண்டு படத்தில் முடித்துவிட்டாரே என்று எரிந்தேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது. நாங்கள் சேர்ந்து காட்டுக்குப் போனோம், டீ குடித்தோம், மாணவர்களைப் பற்றிப் பேசினோம். கோப்பு அலமாரியில் இருந்தது.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பிலோமினா நாற்காலி போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையைக் கொடுத்த அன்றே படித்துவிட்டதை, பொய் சொன்னதை, மரங்கள் போனதை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்றும் எதிர்பார்த்தேன் போல.

"தெரியும் சார்," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"நீங்க படிச்சிட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். அந்தாளு படிக்காமயே வச்சிக்கினு இருக்காரு, நீ ஏன் பேசாம இருக்கன்னு நான் கத்துவேன். அவரு சிரிப்பாரு. 'படிச்சிட்டாரு பிலோமி. நல்லாக்குது போல. அதான் திருப்பிக் குடுக்க மனசு வரல'ன்னுவாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க பேர எடுத்துட்டு அவரு பேர்லயே அனுப்பச் சொல்லியும் பாத்தேன் சார். கேக்கல. 'தப்பா அளந்தாலும் அந்தக் காட்ட மொதல்ல அளந்தவரு அவருதான். அவரு இல்லாம அனுப்பமாட்டேன்'னுட்டாரு. மரத்த வெட்டுன அன்னிக்கி மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிடல. யாரயும் திட்டவும் இல்ல."

கட்டுரையைப் பிலோமினாவின் சம்மதத்தோடு சென்ற வாரம் அனுப்பிவிட்டேன். சவரிநாதன் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இரண்டாவதாக இருந்த என் பெயரை எடுத்துவிட நினைத்தேன். அவர் வைத்ததை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று பிலோமினா சொல்லிவிட்டார். என் ஆய்வேட்டின் அளவுகள் தவறானவை, அவற்றை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டு எழுதினால், இந்த அஞ்சலியையே நகலெடுத்து அனுப்புவேன்.

அவரை அறிந்த நண்பர்களே, அவருடைய கேமராவை மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள், அது அவர்களுக்குப் போகட்டும். படங்கள் பிலோமினாவிடம் இருக்கின்றன. எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். அவர் போனதும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. முன்பெல்லாம் அவர் கண்ணைப் பார்த்து, அவருக்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, மூன்று வருடம் என்னைத் தெரிந்துவைத்துக்கொண்டே என்னோடு உட்கார்ந்து டீ குடித்த அந்த மனத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அது எனக்கு வரவே வராது. வராது என்று தெரிந்தே, உயிரோடு இருக்கும்வரை இந்தப் பொறாமையை வைத்துக்கொள்வேன், சவரி சார்.